முந்நூறு புள்ளிகள்

சபாலாவில் காற்று நின்றுபோனால்
நாய்கள் குழம்பிவிடும்.
இன்று குழப்பமில்லை.
பாறைக் கிடங்கின் தகரக் கூரை
விடிந்ததிலிருந்து யாரையோ ஏசுகிறது.

மூவாயிரம் மீட்டர் ஆழத்துக் கல்.
கறுப்பு. கண்ணுக்கு அவ்வளவுதான்.
எனக்கு முன் இந்த மேசையில் இருந்தவர்
குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார்:
கறுப்புச் சேற்றுப்பாறை. மாற்றமில்லை.
மேற்படி. மேற்படி.
நாற்பது மீட்டருக்கு மேற்படி.

ஒரு சில்லை உடைத்து
முன்பற்களுக்கு நடுவே வைக்கிறேன்.
வெண்ணெயாய் வழுக்கினால் களி,
நறநறத்தால் வண்டல்.
நறநறத்தது.
எவாரிஸ்தோ மாத்தே குவளையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறான்.
"நெலிதா, அதே வாயால் இந்தக் குழலை உறிஞ்சாதே."

தண்ணீர் பட்டால் இந்தக் களி ஊதும்,
ஊதினால் ஏடேடாய் உரியும்.
எண்ணெயில்தான் தேய்க்க வேண்டும்,
மயிரிழையில் பாதிக்கும் குறைவாக,
கல்லுக்குள் வெளிச்சம் நுழையும்வரை.

நுண்ணோக்கியின் மேடையைத் திருப்புகிறேன்.
களித்தகடுகள் எல்லாம் சேர்ந்து அணைகின்றன,
சேர்ந்து எரிகின்றன,
தெருவுக்கு மின்சாரம் போய் வருவதுபோல.
நடுவே பைரைட், எந்தப் பக்கம் திருப்பினாலும்
வெளிச்சம் விடாத குட்டி முந்திரிக்கொத்து.
ஏதோ ஒரு பிராணி கழித்தது, நசுங்கி, பருப்பளவுகூட இல்லாமல்.
கடலடிக்கு அதிகம் வந்து சேர்ந்தது அதுதான்.
பிறகு நகக்கண் அகலத்துக்கு ஒரு வெளிறிய கோடு.
மேற்கே எங்கோ ஒரு மலை
ஒரு பிற்பகல் முழுக்கச் சாம்பல் கக்கியிருக்கிறது.
மேற்படியாம்.

தலைமை அலுவலகத்திலிருந்து எச்செபாரே கேட்பது
இதையெல்லாம் அல்ல.
குவார்ட்ஸ் எத்தனை சதவீதம்?
குவார்ட்ஸ் இருந்தால் கல் உடையும்,
உடைந்தால் எண்ணெய் வரும்,
வந்தால் அவர் மறுபடி கூப்பிடுவார்.

எண்ணுகிறேன். சீவலுக்கு முந்நூறு புள்ளி.
களி, களி, சுண்ணாம்பு, களி, குவார்ட்ஸ்.
எண்பத்தொன்று.
நல்ல எண். மின்னஞ்சலில் ஏற்றிவிட்டேன்.
அனுப்பும் முன் சும்மா
குவியத்தைத் திருகினேன்.

கல் மங்கியது.
பொடி மணிகளில் பாதி மங்கவில்லை.
அவை கல்லில் இல்லை,
கல்லுக்கு மேலே, பசையில் கிடக்கின்றன.
எந்தக் கடலும் தூவாதவை.
என் மெருகுத்தூள்.
நேற்று நான் சரியாகக் கழுவவில்லை.

எவாரிஸ்தோவிடம் சொல்லவில்லை.
கழுவி, மறுபடி தேய்த்து, மறுபடி முந்நூறு.
முப்பத்தெட்டு.
ஒவ்வொன்றும் உருண்டை,
ஊசிமுனையைவிடச் சின்ன உயிர்களின்
கண்ணாடிக் கூடுகள்,
செத்தபின் உள்ளே நிரம்பி இறுகியவை.
ஆற்று மணல் ஒன்றுகூட இல்லை.
பல் பொய் சொல்லவில்லை,
எதை என்று மட்டும் சொல்லவில்லை.

முப்பத்தெட்டை அனுப்பினேன்.
எச்செபாரே ஒரே சொல்லில் பதில் போட்டார்: சரியா?

குறிப்பேட்டில் மேற்படிகளை அடிக்கவில்லை,
பக்கத்தில் இடம் இருந்தது.

இரவு மூன்று முறை வாய் கொப்பளித்தாயிற்று.
கடைவாய்ப் பல்லில் இன்னும் ஏதோ நறநறக்கிறது.
அந்தக் கடலா, என் தூளா,
மதியம் தின்ற ரொட்டியோடு சேர்ந்த இந்த ஊர்ப் புழுதியா,
நாக்குக்குத் தெரியவில்லை.