நாலாவது கிலோமீட்டர்

சூலூர்க் குளத்தங்கரை.
வெடியால அஞ்சேகால்.
நானும் கனகமணியும் ஓடுகிறோம்,
ஆளுக்கொரு காதில் ஜமாப் மேளம்.
அடி ஓய்கிற இடத்தில் அவள் ஆரம்பிப்பாள்:
"நேத்து பாத்தீங்களாக்கா,
அந்த மாமியாக்காரி
டாக்டர் சீட்டையே மாத்திப்போட்டாளுங்க!"

நேற்று எனக்குக் கரண்ட் இல்லை.
சொல்லாதே சொல்லாதே என்று
முன்னால் ஓடுகிறேன்.
விடாமல் துரத்துகிறாள்
மருமகளின் கண்ணீரோடு.

எதிரே சைக்கிளில்
கண்ணம்பாளையம் போய்த் திரும்பும் என் வீட்டுக்காரர்,
நாடகமே ஆகாது என்பவர்,
பிரேக் பிடித்துக் கேட்கிறார்:
"சரி, நெசச் சீட்டு
இப்ப யாரு கையில?"

நாலாவது கிலோமீட்டர்
ஆறு நிமிசத்துக்கும் கீழே.
கைக்கடிகாரம் குலுங்கிப் பாராட்டுகிறது.
அதுக்கென்ன தெரியும்.

நாளை ஞாயிறு, நாடகமில்லை.
திங்கக்கிழமை
மெதுவாகத்தான் ஓடுவோம்.