ஊக்கு

கீறியது நான்தான்.
யாரிடமும் சொன்னதில்லை.
யாரும் கேட்டதுமில்லை.

எழுபத்தேழு ஜூன், குன்னூர் பெட்ஃபோர்டில்
ஞானமுத்து ரேடியோ சர்வீஸ்.
சம்பளம் எண்பது ரூபாய்.
ஸ்வெட்டர் கையில் பொத்தான் போய் ஊக்கு.
ரயில் காசுக்குக் குறைந்த ஒரு வெள்ளைக்காரப் பையன்
ஏழு ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போன இசைத்தட்டு அது.
லேபிளை ஈரம் தின்றிருந்தது.
பாட்டின் பேர் போச்சு, பாடினவன் பேரும் போச்சு.

பூஞ்சை துடைக்கையில்
கை வழுக்கி
ஓரத்திலிருந்து நடுவரை
ஒரு வெள்ளைக் கோடு.
அழவில்லை.
உறையில் போட்டு அடுக்கில் செருகிவிட்டேன்.

சனிக்கிழமை நாலு பேர் வந்தார்கள்.
பகலில் அருவங்காட்டில் வெடிமருந்து,
ராத்திரி வெலிங்டனில்
பட்டாளத்து அதிகாரிகள் ஆட வாசிப்பார்கள்.
‘ஃபாக் லைட்ஸ்’ என்று பேர்.
புதுசா ஏதும் இருக்கா என்றார்கள்.
ஊசியை வைத்தேன்.

பேஸ் கிட்டார் முதலில்.
அதுவரை நான் கேட்ட பாட்டெல்லாம் காதுவழி வந்தவை.
இது மேசைவழி வந்தது,
முழங்கையில் ஏறியது.
திம்.
அப்புறம் ஒன்றுமில்லை.
அப்புறம், திகு திம்.
முதல் தட்டில் முழுப் பாரத்தையும் போட்டுவிட்டு
மிச்சத்தைக் காலியாக விட்ட பாட்டு.
தேயிலை மூட்டையை லாரியில் எறிந்துவிட்டு
ஒருவன் நிமிர்கிற நேரம் இருக்கிறதே,
அவ்வளவு காலி.
இடுப்பு அங்கேதான் நுழைகிறது.

என் கோடு வந்தது.
ஊசி தாண்டியது.
நாலாம் தட்டில் பாதியைக் காணோம்.
நான் கண்ணாடி அலமாரியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

டிரம்ஸ் வாசிக்கும் போஜன், ஜெகதளா ஹட்டிக்காரர்,
“இன்னொரு தடவை போடும்மா” என்றார்.
தொடையில் தட்டிப் பார்த்தார்.
தவறினார். சிரித்தார்.
“எந்த ஊர்க்காரன்டா இவன்,
படி இல்லாத இடத்துல படி இறங்குறான்!”

பதினோரு தடவை போட்டேன்,
கரண்ட் போகும்வரை.

அடுத்த சீசனில் ஊட்டியில் படப்பிடிப்பு.
குளிரில் தூக்கம் வராத இசை உதவியாளர் ஒருவர்
இவர்கள் வாசித்த ஹோட்டலில் உட்கார்ந்து
சிகரெட் அட்டையில் புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொண்டு போனார்.
கோடம்பாக்கத்தில் அதோடு தவில் சேர்ந்தது,
வில்லனின் விடுதி சேர்ந்தது,
மினுங்கும் உடுப்பில் ஒருத்தி
படி இல்லாத இடத்தில் படி இறங்கினாள்.
நூறு நாள் ஓடியது.

அப்புறம் கணக்கில்லை.
தேர்தல் ஜீப். மினிபஸ்.
சந்தனமாரி தேருக்கு வந்த பேண்டு செட்.
சலவைத்தூள் விளம்பரம்.
காய்கறி வேனின் ரிவர்ஸ் ஹார்ன்.
என் கல்யாணத்திலும் போட்டார்கள்;
மாலையோடு நின்ற என் கால்
அந்த அரையைத் தானாகத் தாண்டியது.

போன மாதம் மகன் போனில் தேடி எடுத்தான்.
அசல். ஒரு கீறல் இல்லை.
அவன் நாட்டில் அந்த வருஷம் அதுதான் முதலிடமாம்.
அந்தத் திம்மை வெட்டி எடுத்து
இருநூறு பேர் பாட்டுக் கட்டினார்களாம்.
கேட்டேன்.
எல்லாத் தட்டும் வரவேண்டிய இடத்தில் வந்தது.
யாரோ நம்ம பாட்டைக் கேட்டுவிட்டு
கொஞ்சம் தப்பாக வாசித்த மாதிரி இருந்தது.
மன்னிப்புக் கேட்கலாமென்றால் அவன் செத்துப் பத்து வருஷம்.
பங்கு கேட்கலாமென்றால்
இல்லாத அரைத் தட்டுக்கு எவன் தருவான்?

நேற்று மார்க்கெட்டில் ஸ்டான்லி தங்கையா,
அந்த பேஸ்காரர்.
கையில் முட்டைக்கோஸ், பேச்சில் அதே பாட்டு.
“அந்த அரையை விட்டான் பாருங்க,
வேணும்னே விட்டான்.
அதுக்கெல்லாம் பிறவி ஞானம் வேணும்.”

ஆமாம் என்றேன்.
ஸ்வெட்டர் கையை
கொஞ்சம் கீழே இழுத்து விட்டுக்கொண்டேன்.