தொடரிணைப்பு

பஞ்சசீல் பார்க் வாட்ச்மேன்
எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்,
எலக்ட்ரீஷியன் எங்கே என்று.
முத்தழகி என்று மூன்று முறை சொன்னேன்.
நோட்டில் 'மிஸ்திரி' என்று எழுதிக்கொண்டு
கேட்டைத் திறந்துவிட்டார்.

ஜனவரி. பதினொரு மணிக்கும் விடியாத மூட்டம்.
பின்கட்டில், வாஷிங் மெஷினுக்கு மேலே,
இத்தாலிக்காரன் செய்த பாய்லர்
பூட்டிய பீரோ போலச் சுவரில் தொங்கியது.
மெயினை இறக்கினேன்.
டெஸ்டரை வைத்துப் பார்த்தேன்.
யாராவது நல்ல மனசோடு ஏற்றிவிடுவார்கள் என்று
ஃபியூஸையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

ரிசீவர் என் உள்ளங்கை அகலம்.
எல், என் இரண்டும் அது விழித்திருக்க.
காமன், என்.ஓ. இரண்டும் அது வாய் திறக்க.
நடுவே இருப்பது வெறும் தொடர்பு.
தன்னுடையதென்று ஒரு வோல்ட்டும் கிடையாது,
வந்ததைப் போகவிடும்,
அல்லது விடாது.
கமிஷன் வாங்காத தரகு.

சோந்தி சாப் வந்து நின்றார்.
வீட்டுக்குள் ஓவர்கோட், காலில் வெள்ளை கேன்வாஸ் ஷூ.
"இனி இதைத் திருகப்போவது யார்?"
உங்கள் மகன். கால்கரியிலிருந்து. போனில்.
"அங்கே எத்தனை டிகிரி?"
மைனஸ் இருபத்தாறு என்றது என் போன்.
"அப்படியானால் அவன் வீட்டை அவன் பார்க்கட்டும்."

மகனின் செய்தி முந்தின நாளே வந்திருந்தது:
பழைய டயலைக் கழற்றிவிடுங்கள்.
அப்பா அதைப் பத்துக்கு இறக்கிவிடுகிறார்.
இருபத்தொன்றில் பூட்டிவிடுங்கள்.
கூலி முழுவதையும் முன்பணமாகவே
அனுப்பியிருந்தான்.

டயல் கூடத்துச் சுவரில், நாற்காலிக்குக் கை எட்டும் உயரத்தில்.
மஞ்சள் பாய்ந்த பிளாஸ்டிக்.
கட்டைவிரல் பட்டுப் பட்டு எண்கள் தேய்ந்திருந்தன,
எது பத்து என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.
ஸ்க்ரூவில் டிரைவரை வைத்தபோது
அவர் தடுக்கவில்லை, கத்தவில்லை.
"ஜனவரியில் குளிர வேண்டும்" என்றார் இந்தியில்.
"இல்லையென்றால் ஜனவரி எதற்கு?"

ஐ.டி.ஐ.யில் நெட்டுருப் போட்டது:
பக்க இணைப்பில் எவர் ஒருவர் சொன்னாலும் எரியும்.
தொடரிணைப்பில் இருவரும் சொன்னால்தான்.
ஐந்து மதிப்பெண். படம் வரைந்து பாகம் குறிக்கவும்.
அன்று பாகம் குறிக்க மறந்து
மூன்றுதான் வாங்கினேன்.

டிரைவரை எடுத்துவிட்டேன்.
என்.ஓ.விலிருந்து கிளம்பிய கம்பியை
நேரே கொண்டுபோகாமல்
கூடத்தைச் சுற்றி, டயலுக்குள் நுழைத்து, வெளியே எடுத்து
அப்புறம் பாய்லரில் சேர்த்தேன்.
ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன்,
பஸ்ஸை விட்டு இறங்கியதும்
தோட்டைத் தொட்டுப் பார்ப்பதுபோல.

ஃபியூஸ். மெயின்.
சுவரில் புதுப்பெட்டி, பின்கட்டில் ரிசீவர்,
நடுவே மூன்று சுவர்.
பச்சை விளக்கை மினுக்கி மினுக்கி
ஒன்றையொன்று தேடின. கண்டுகொண்டன.
டிக்.
பாய்லர் ஒரு மூச்சு இழுத்து நீலமாகப் பற்றியது.

சோந்தி சாப் டயலைத் திருப்பினார், அணைந்தது.
திருப்பினார், எரிந்தது.
நான்கு முறை.
பிறகு எனக்கு டீ கொண்டுவரச் சொன்னார்,
இஞ்சி தட்டிப் போட்டு.

இரவு ஒன்றரை. திரிலோக்புரி, மாடி அறை.
இரண்டு ரஜாய், இரண்டு சாக்ஸ்,
ஜன்னல் இடுக்கில் திணித்த பழைய துப்பட்டா.
போன் வெளிச்சம். கால்கரியில் பகல்.
படம் அனுப்பியிருந்தான்:
கேட்பது இருபத்தொன்று, இருப்பது பதினாலு.
ஒயரிங் தப்பா?

ஒயரிங் சரி சார் என்று தட்டினேன்.
அழித்தேன்.
நெட்வொர்க் என்று தட்டினேன். அதையும் அழித்தேன்.
கடைசியில் போனது இது:
நீங்கள் இருவரும் சொன்னால்தான் எரியும் சார்,
நான்தான் அப்படிப் போட்டேன்.
அப்பாவைக் கூப்பிட்டுப் பாருங்கள்,
விழித்திருப்பார்.

இரண்டு நீலக் குறி.
பணத்தைத் திருப்பிக் கேட்பானோ என்று
கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.
இரண்டு பத்துக்கு இன்னொரு படம், வார்த்தை இல்லாமல்.
பதினைந்து.
இன்னொன்று. பதினைந்தரை.

எங்கே போய் நின்றதென்று தெரியாது.
தூங்கிப்போனேன்.
காலையில் லாஜ்பத் நகரில் ஒரு கீசர்
ஒழுகிக்கொண்டிருந்தது.