ஊசித்துளை

தை இரண்டாம் தேதி கட்டினேன்,
மாடித் தொட்டிக் குழாயில், கிழக்குப் பார்த்து
ஒரு முகப்பவுடர் டப்பா.
உள்ளே காலாவதியான ஃபோட்டோ காகிதம்.
எட்டாம் நம்பர் ஊசியால் ஒரு துளை.
சுற்றிய கறுப்பு டேப் என் தொழில் சரக்கு:
பள்ளத்தூரில் பாதி வீட்டு ஸ்விட்சுக்கு
நான்தான் வைத்தியம்.

எதிர்மாடி அடைக்கப்பன் கேட்டார்,
"சிசிடிவியா?"
"சூரியனைப் பிடிக்கிறேன்."
"பிடிச்சு?"
பதில் இல்லை என்னிடம்.
அவர் புறா வளர்க்கிறார்.
நான் ஏனென்று கேட்டதில்லை.

ஆனி பிறந்ததும் அவிழ்த்தால்
துளையைக் காணோம்.
அதன்மேல் சுண்டைக்காய் அளவு மண்,
அப்படியொரு வழவழப்பு.
முட்டைச் சாந்துச் சுவர்கள் நிற்கும் ஊரில்
குளவிக்கும் தெரிந்திருக்கிறது
பூச்சு வேலை.

ஐந்து மாதம் போச்சு என்றுதான் திறந்தேன்.

செம்பழுப்பில் கோடு கோடாகச் சூரியன்,
மேகம் மறித்த இடங்களில் அறுந்து அறுந்து.
பங்குனி பாதியில் சட்டென நின்றது:
குளவி வந்த நாள்.
அப்புறம் இருட்டு, ஒரு விரல் அகலம்.
அதற்கும் அப்பால்
மயிரிழையாய் மூன்று கோடுகள்.

திரும்ப எடுத்துப் பார்த்தேன் மண்கூட்டை.
நடுவில் ஒரு பொத்தல்.
குஞ்சு வெளியே போன வாசல் வழியாக
வெயில் உள்ளே வந்திருக்கிறது.

இதைக் கழுவி நிறுத்த முடியாது,
பார்க்கப் பார்க்கக் கருகும்.
ஒரே தடவை ஸ்கேன் செய்து
கறுப்பு உறையில் போட்டேன்.

அடைக்கப்பன் வந்தார், கையில் புறா வாசம்.
"பத்து எண்றதுக்குள்ள பாத்துடணும்" என்றேன்.
அவரே சத்தமாக எண்ணினார்.
பதினாலு வரை போனார்.