எட்டாவது வியாழன்

வியாழக்கிழமை காலை வரைபடம் வரும்.
தெற்கு டகோட்டாவின் மேற்கு ஓரத்தில்
கடித்து வைத்த ரொட்டித் துண்டுபோல எங்கள் மாவட்டம்.
அதற்கு இந்த வாரம் என்ன நிறம்,
யாரோ எங்கோ உட்கார்ந்து தீட்டி அனுப்புகிறார்கள்.

அலுவலகத்தில் நான் மூன்றாம் மேசை.
புல் காய்ந்தவர்களுக்குப் படிவம் கொடுப்பவள்.
விதி எனக்கு வாய்ப்பாடு:
மாவட்டத்தின் ஏதாவது ஒரு மூலை
எட்டு வாரம் விடாமல் ஆரஞ்சில் இருக்க வேண்டும்.
ஏழு வாரம் என்றால் ஒன்றுமில்லை.
நடுவில் ஒரு மஞ்சள் விழுந்தால் மறுபடி ஒன்றிலிருந்து.

ஆர்லிஸ் ஹௌகன் ஐந்தாம் வாரம் வந்தாள்.
முழங்கால் தொடவேண்டிய புல்
கணுக்காலிலேயே வெளுத்துவிட்டதாம்.
வற்றிய குட்டையின் சேற்றில் சிக்கிய பசுவை
டிராக்டரில் கட்டி இழுத்தபோது
அதன் இடுப்பு விலகிவிட்டதாம்.
அதற்கு வேறு படிவம் என்றேன்.
சிரித்தாள், பல் தெரியாமல்.

எத்தனை மாடு?
"நேற்றைக்கா, இன்றைக்கா?"
நேற்று எழுபத்திரண்டை ஏலத்துக்கு ஏற்றியிருந்தாள்.
வறட்சியில் விற்றதும் கணக்கில் சேரும்,
ரசீது வேண்டும் என்றேன்.
நான்காக மடித்தது, வியர்வையில் நனைந்தது.
பின்பக்கம் பென்சிலில் ஏழு காதுவில்லை எண்கள்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.

ஏழாம் வாரம், ஞாயிறு இரவு, மழை.
ஊரே வாசலுக்கு வந்தது.
மளிகைக்கடை டுவைட்
கூரைக் குழாயின் கீழ் கையை நீட்டியபடி நின்றான்.
அரை அங்குலம்கூட இல்லை. வேர்வரை போகவில்லை.
வரைபடம்வரை போய்ச் சேர்ந்தது.

வியாழன் காலை திரை முழுக்க மஞ்சள்;
தென்கிழக்கில் மட்டும் நகக்கண் அளவு ஆரஞ்சு.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
சரளைக்கல் குழி. பக்கத்தில் மூடிப்போன குப்பைமேடு.
எந்த மாடும் வாய் வைத்திராத இடம்.

"அது தாங்குமா?" என்றாள் ஆர்லிஸ், தொலைபேசியில்.
பின்னால் ஒரு கன்று கத்திக்கொண்டே இருந்தது.
தாங்கும் என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை.

அன்றிலிருந்து
வானம் பொய்க்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.
முழு வானமும் அல்ல,
அந்தக் குழிக்கு மேலே நாற்பது ஏக்கர் வானம்.
இரவுச் சாப்பாட்டில் மாமனார் ஜெபம் சொல்லி
மழைக்காக என்று நிறுத்தினார்.
ஆமென் சொல்லாமல்
உருளைக்கிழங்குத் தட்டை நகர்த்தினேன்.

திங்கள் மாலை மேற்கே கருத்தது.
வீட்டுக்குப் போகாமல் இருபத்தாறு மைல் ஓட்டி
குழியோரம் வண்டியை நிறுத்தினேன்.
எதற்கு? அதற்குக் குடை பிடிக்கவா?
கண்ணாடியில் இரண்டு துளி. மூன்றாவது.
துடைப்பான் ஒருமுறை போய் வந்தது.
அதை அணைத்துவிட்டு முதலிலிருந்து எண்ணினேன்.
பதினொன்றில் நின்றது.

எட்டாவது வியாழன்.
நகக்கண் அப்படியே இருந்தது.

ஆர்லிஸ் கையெழுத்திட வந்தாள். தொகையைச் சொன்னேன்.
வயோமிங்கிலிருந்து வரும் வைக்கோலுக்கு
லாரிக்காரன் கேட்பதில் பாதி.
ஏட்டில் முளைத்த புல், பரவாயில்லை,
ஜனவரிவரை மெல்லலாம் என்றாள்.
பேனா எழுதவில்லை. வேறு கொடுத்தேன்.

தலை நிமிராமல் கேட்டாள்:
"திங்கட்கிழமை குழியோரம் நின்றது உன் வண்டிதானே?
நான் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தேன்.
எத்தனை எண்ணினாய்?"

பதினொன்று என்றேன்.

"எனக்குப் பதினான்கு."