வருகிற திங்கட்கிழமை

பென் டிரைவில் இருப்பது என் குரல்தான்.
கார்த்திகையில் பதிவு செய்தது.
அன்றைக்கு எனக்குச் சளி.
எனக்கு விட்டுவிட்டது,
ஆட்டோவின் கூம்பு ஒலிபெருக்கிக்கு இன்னும் விடவில்லை:
“பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு,
பிரதான குழாய் பழுதால் நிறுத்தப்பட்ட குடிநீர்
வருகிற திங்கட்கிழமை முதல்
வழக்கம்போல் விநியோகிக்கப்படும்.”

இது தை.
ஏழு திங்கள் வந்து போய்விட்டன.
தேதி சொன்னால் மறுபடி பதிய வேண்டும்,
ஸ்டூடியோக்காரருக்கு அறுநூறு ரூபாய்,
அதற்கு ஒரு தீர்மானம்,
தீர்மானத்துக்கு ஒரு கூட்டம்.
‘வருகிற’ என்பது சிக்கனமான சொல்.

வழித்தட அட்டைப்படி
முதலில் பஜார், அப்புறம் காரைக்குடி பஸ் நிற்கும் இடம்,
அப்புறம் பெரிய தெரு.
பெரிய தெருவில் முப்பத்தெட்டு இணைப்பு.
முப்பத்தெட்டு முகப்பு, முப்பத்தாறு பூட்டு.
ஒரு வீட்டுக்கு இருபத்துமூன்று புள்ளி என்றாலும்
கோலாலம்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் பங்கு பிரித்து
பங்குனிக்குள் வரி கட்டிவிடுகிறார்கள்,
குறை சொல்ல முடியாது.
தண்ணீர்தான் யாரும் கேட்பதில்லை.
அங்கே நின்று மூன்று முறை சொல்ல வேண்டும்.
சொல்கிறேன்.
கம்பிக் கதவுக்குள் புகுந்து, வளவைச் சுற்றிவிட்டு
என் சளி எனக்கே திரும்பி வருகிறது.

அதே வீடுகள்
அடுத்த தெருவில் போய் முடிகின்றன.
அங்கே எல்லாமே கொல்லைக் கதவு.
மதிலோடு தகரம் இறக்கி
வீடு பார்த்துக்கொள்கிறவர்கள்,
கல்யாணச் சமையலுக்குப் போகிறவர்கள்,
இருபத்தொன்பது அடுப்பு.
பதிவேட்டில் அந்தத் தெருவுக்குக் கதவிலக்கம் கிடையாது.
ஒரு வீட்டுக்கு ஒரு எண், அது முன்பக்கம் இருக்கிறது.
எண் இல்லாததால் இணைப்பு இல்லை.
இணைப்பு இல்லாத இடத்தில் அறிவிப்பு எதற்கு?
டீசல் செலவு.

ஏழாவது வார்டு வள்ளிக்கண்ணு மூன்று கூட்டமாகக் கேட்கிறார்.
“பொருள் எண் பதினான்கு: ஒத்திவைக்கப்பட்டது.”
தட்டச்சும் என் வேலைதான்.
‘ஒ’ என்று அடித்தால் போதும்,
மிச்சத்தைக் கணினியே சொல்லிவிடுகிறது.

வால்வு திறக்கிறவன் பெயர் அடைக்கன்.
ஊர் சிரித்துச் சிரித்து ஓய்ந்த வேடிக்கை.
இந்தத் திங்கள் விடியற்காலை போன் செய்தான்:
“அண்ணே, பைப்பு சரியாயிருச்சு.
பதினோரு சுத்து விட்டிருக்கேன், பெரிய தெருவுக்கு.
மொதல்ல காத்து வரும், பயந்துறாதீக.”
பதிவு ஒருவழியாக உண்மையாகியிருந்தது.
எனக்கு என்னவோ கூச்சமாக இருந்தது.

ஆட்டோவைக் கொல்லைத் தெருவுக்குத் திருப்பச் சொன்னேன்.
டேங்கர் லாரிக்காகக் குடங்கள் வரிசையில் இருந்தன,
குடத்துக்குரியவர்கள் நிழலில்.
என் சளிக்குரல் தொடங்கியதும்
ராக்கு எழுந்து கேட்டாள்:
“எந்தத் திங்களய்யா?”

பென் டிரைவைப் பிடுங்கினேன்.
மைக்கில் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் போனது.
பிறகு சொன்னேன்:
“பெரிய தெருவில் இப்போது தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது.
சாவி வைத்திருப்பவர்களின்
கனிவான கவனத்திற்கு.”

யாரும் உடனே அசையவில்லை.
ராக்கு மடியைத் தொட்டுப் பார்த்தாள்.
பிறகு கொல்லைக் கதவு ஒன்று,
அதற்குள் ஒரு கதவு, அதற்குள்ளும் ஒன்று,
தாழ்ப்பாள் தாழ்ப்பாளாக
வீடு முன்பக்கம் நோக்கித் திறந்துகொண்டே போகிற சத்தம்
தெருவிலிருந்து கேட்டது.

வழித்தடம் மீறியதற்கு விளக்கம் கேட்டு
புதன்கிழமை எனக்குக் குறிப்பாணை.
அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன்,
ஒற்றுப்பிழை இல்லாமல்.
விளக்கம் மூன்று நாளுக்குள் தர வேண்டும்.
இதுவரை எழுதியது இவ்வளவுதான்:
‘கொல்லையிலிருந்து முகப்புக் குழாய் வரை
நூற்றெண்பது அடி.
திரும்பி வரும்போது, நிறைகுடத்தோடு,
அதே நூற்றெண்பது.
பொருள் எண் பதினான்கோடு சேர்த்துக்கொள்ளவும்.’