நூற்றெழுபத்தைந்து

வில்லாபுரத்தில், மாவு மில்லுக்கு மேல் மாடி.
பகல் முழுக்கக் கீழே மிளகாய் அரைபடும்.
ராத்திரிதான் என் யானைகள் நடக்கும்.

ஒன்பது யானை. ஒரு வெள்ளித் தேர்.
தேரில் தாய்மாமன் பெருங்காமன்,
கூலிங்கிளாஸோடு.
உசிலம்பட்டிக் காதணி விழாவில்
எல்இடி திரையில் ஓட வேண்டிய நாற்பது நொடி,
ஆயிரம் ஃபிரேம்.
முன்பணம் மூவாயிரம் வாங்கி
வாடகையில் போட்டாயிற்று.

செவ்வாய் இரவு நான் தூங்கும்போது
லேப்டாப் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது.
காலையில் புது நீலத்தில் சிரித்தது.
பட்டன்களெல்லாம் முனை மழுங்கியிருந்தன.
"எல்லாம் தயார்" என்றது.
அன்று இரவு, நூற்றுப் பன்னிரண்டாவது ஃபிரேமில்
மூன்றாவது யானை தும்பிக்கையைத் தூக்கியபோது
திரை கறுத்தது.

மறுபடி. இருநூற்று நாலு. கறுப்பு.
மறுபடி. எண்பத்தொன்பது.
யானையின் காது மட்டும் பச்சைக் கட்டங்களாகச் சிதறி,
அப்புறம் கறுப்பு.

டவுன்ஹால் ரோடு சிக்கந்தருக்கு போன் போட்டேன்.
"டிரைவரைக் கழட்டி மாட்டுக்கா."
கழற்றினேன். பழையதை மாட்டப் போனால்
வாசலிலேயே மறித்தது புதுசு.
"அப்ப பின்னாடி தூசி இருக்கும்."
பதினோரு ஸ்க்ரூவையும்
இட்லித் தட்டின் குழிகளில் வரிசை மாறாமல் வைத்துத்
திறந்தால்,
விசிறிச் சிறகெல்லாம் மிளகாய்த்தூள்.
தும்மித் தும்மித் துடைத்தேன்.
சூடு தொண்ணூற்றாறிலிருந்து எண்பத்தொன்றுக்கு இறங்கியது.
கறுப்பு மட்டும் போகவில்லை.

சார்ஜரைச் சந்தேகப்பட்டேன். ஈ.பி. கரண்டை,
பவர் செட்டிங்கை, மில்காரரின் மோட்டாரை.
ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்:
கார்டின் வேகத்துக்கு மேல்
நானே கூட்டி வைத்த நூற்றெழுபத்தைந்து.

அதை எப்படிச் சந்தேகப்படுவது?
வாங்கிய வாரமே, ஒரு ஞாயிறு முழுக்கக் குளிக்காமல் உட்கார்ந்து
இருபத்தைந்து இருபத்தைந்தாக ஏற்றிப் பார்த்து
நிறுத்திய எண்.
கம்பெனிக்காரன் கொடுத்ததற்கு மேல்
நான் பிடுங்கிக்கொண்டது.
"எங்கிட்டன்னா ஒரு மணி நேரம் முன்னாடியே முடிஞ்சிரும்" என்று
எத்தனை ஸ்டுடியோவில் சொல்லியிருக்கிறேன்.
அவர்களும் "ஆமாக்கா, வேகந்தான்" என்றார்கள்.

வியாழன் பின்னிரவு, பார்க்க வேறெதுவும் மிச்சமில்லாமல்
பழைய லாக் ஃபைல்களைத் திறந்தேன்.
போன ஆவணிக் கல்யாணம்.
ஒவ்வொரு ஃபிரேமுக்குப் பக்கத்திலும் கார்டின் வேகம்:
ஆயிரத்து நானூற்று எண்பத்தைந்து.
ஆயிரத்து நானூற்று எண்பத்தைந்து.
கூட்டாத எண். கடையில் வந்த எண்.
அதற்கு முந்தின தை, திருமங்கலத்துப் புதுமனை புகுவிழா.
அதேதான்.
இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட
ஒரு புள்ளிகூட ஏறியதில்லை.

பழைய டிரைவர் பூட்டுப் போட்டிருந்திருக்கிறது.
நான் தள்ளிய ஸ்லைடரைச்
சரி சரி என்று தலையாட்டி வாங்கி
ஓரமாக வைத்துவிட்டுத்
தன் பாட்டுக்கு வேலை பார்த்திருக்கிறது.

புதுசுக்கு அந்த நாசூக்கு தெரியவில்லை.
பூட்டைத் திறந்தது. கேட்டதைக் கொடுத்தது.
கொடுத்த இரவே யானை விழுந்தது.

சிரிப்பு வந்தது.
பிறகு கொஞ்சம் வெட்கம்,
அறையில் யாரும் இல்லாவிட்டாலும்.

பூஜ்யம் வைத்தேன்.
மூன்றாவது யானை தும்பிக்கையைத் தூக்கியது,
இறக்கியது,
அடுத்த அடி வைத்தது.

ஐந்தரைக்குப் பெருங்காமன் போனில்:
"என்னம்மா, யானை கெளம்பிருச்சா?"
"கெளம்பிருச்சுண்ணே. நடந்துதான் வருது."
"நடந்தே வரட்டும். பதினோரு மணிக்குத்தான் காது குத்து."

போனை வைத்ததும்
கை தானாக ஸ்லைடருக்குப் போனது.
இருபத்தைந்து மட்டும் வைத்துப் பார்த்தால் என்ன?
கீழே மில்காரர் ஷட்டரைத் தூக்கினார்.
நெடி ஏறுவதற்குள்
ஜன்னலைச் சாத்த எழுந்தேன்.